கழுவிப் பாவித்த வலை

துருப்பிடிக்காத உருக்கு வலையில் செய்த ஒயில் பில்டர் பற்றி இப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேசுகிறார்கள். ஒருமுறை வாங்கினால் போதும், காகித பில்டரைப் போல எறியாமல் ஒயில் மாற்றும்போதெல்லாம் கழுவித் திரும்பப் பூட்டலாம் என்கிறார்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய எஞ்சின்களைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2022இல் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்காக கியூஆர் காட்டி வரிசையில் நின்ற ஊர் இது. எறியாமல் பாவிக்கும் சாமானுக்கு இங்கே மதிப்பு உண்டு. வாங்குவதற்கு முன், கழுவிப் பாவிக்கும் பில்டர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பினேன்.

காரைதீவிலிருந்து மாளிகைக்காடு தாண்டினால் சாய்ந்தமருது. அங்கே பழைய ஹொண்டாக்களைப் பழுதுபார்க்கும் ஒரு காக்காவிடம் (அண்ணனிடம்) முதலில் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், வேலைக்கு வந்திருந்த ஒரு சி 90 எஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்றினார். அடியிலிருந்து சின்னக் கம்பி வலை ஒன்றை உருவி என் கையில் வைத்தார்.

“புதுசெண்டு ஆரு தம்பி செல்லுற? நாங்க கழுவிப் பழகினதே இதத்தானே.”

அந்த வலை ஒயில் பம்புக்கு முன்னால் நின்று பெரிய துகள்களைத் தடுக்கிறது. அதற்கு மேலே கிளட்ச்சின் வெளிமுகத்தில் இன்னொரு மூடி. அதற்குள் வலையும் இல்லை, காகிதமும் இல்லை. எஞ்சின் சுழலும்போது ஒயிலை விடப் பாரமான துகள்கள் வெளிப்பக்கம் வீசப்பட்டு உட்சுவரில் கரும் பசையாகப் படிந்துவிடுகின்றன. இந்தச் சுழல் பில்டரைத் துடைக்க வேண்டும், வலையைக் கழுவ வேண்டும். மாற்றுவதற்கென்று எதுவும் இல்லை.

சி 90 பிறந்த, 1958இல் தொடங்கிய ஹொண்டா சூப்பர் கப் வம்சம் 2017இல் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. அந்த வம்சத்தின் பிந்திய எஞ்சின்களிலும், 1994இல் இந்தியாவில் வந்த ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டரிலும் இருப்பது இதே ஏற்பாடுதான். பந்தயக்காரர்களின் ஆடம்பரம் என்று நான் நினைத்திருந்த சாமான், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளிலும் வயலுக்குப் போன சைக்கிளிலும் எப்போதோ இருந்திருக்கிறது.

அப்படியானால் எறியும் காகித பில்டர் ஏன் வந்தது? அந்தக் கேள்வி என்னை 1923க்குக் கொண்டுபோனது. அமெரிக்காவில் ஏர்னஸ்ட் ஸ்வீற்லாண்ட், ஜோர்ஜ் கிரீன்ஹால்ஜ் என்ற இருவர் கார் எஞ்சினுக்கான ஒயில் பில்டரைப் பியூரோலேற்றர் என்ற பெயரில் உருவாக்கினார்கள். ஸ்வீற்லாண்ட் அதற்கு முன்பே ஆலைகளுக்கான பெரிய வடிகட்டிகளைச் செய்தவர். சீனி ஆலைகளில் சாறு தெளியவைக்கவும் அவருடைய வடிகட்டி பயன்பட்டது. நம்மட அம்பாறை மாவட்டத்திலேயே ஹிங்குரானையில் சீனி ஆலை இருப்பதால், அழுக்கைத் துணியில் தேக்கிச் சாற்றை மட்டும் விடும் வேலை எனக்கு அந்நியமாகப்படவில்லை. முதல் ஒயில் பில்டரும் துளையிட்ட உலோகத் தட்டுகளில் துணி போர்த்தியதுதான். அதில் ஒரு கண்ணாடியும் வைத்திருந்தார்கள், ஒயில் ஓடுகிறதா என்று ஓட்டுபவர் பார்ப்பதற்காக. 1924இல் கிறைஸ்லர் தன் காரில் ஒயில் பில்டரைச் சேர்த்தே விற்றது. 1954இல் விக்ஸ் நிறுவனம், முழுதாகத் திருகிக் கழற்றி எறியும் பில்டரைக் கொண்டுவந்தது. அதன் பிறகு உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் கராஜ்களில் மெல்ல மெல்லக் குறைந்தது.

காகிதம் வென்றதற்கு விலை மட்டும் காரணமில்லை. வலை தன் மேற்பரப்பில் மட்டும் தடுக்கும், காகிதம் நார்களின் ஆழத்திலும் பிடித்துவைக்கும். உருக்கு வலை பில்டர்களில் பலவற்றின் கண் ஏறத்தாழ 35 மைக்ரோன், தலைமயிரின் தடிப்பில் பாதி. அதைவிடச் சிறிய துகள்கள் நழுவிப் போய்த் தாங்கிகளைத் தேய்க்கும். விமான எஞ்சின்காரர்கள் இதைத் தெளிவாகக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். லைகொமிங் நிறுவனத்தின் விதிப்படி, வெறும் வலை உள்ள எஞ்சினுக்கு 25 மணித்தியாலத்தில் ஒயில் மாற்ற வேண்டும். முழு ஒயிலும் கடந்துபோகும் பில்டர் இருந்தால் 50 மணித்தியாலம் ஓட்டலாம். சி 90 எஞ்சினும் ஒற்றை வலையை நம்பவில்லை, கூடவே சுழல் பில்டரை வைத்தது. இன்று விற்கும் உருக்கு பில்டரைப் பூட்டுகிறவர் இதை மனதில் வைக்க வேண்டும். காகிதத்தை எடுத்துவிட்டு வலை போட்டால் ஒயிலைப் பிந்தாமல் மாற்றத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிளில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் பெரும்பாலும் ஒரே ஒயில்தான் என்பதால் கிளட்ச் தட்டின் தூளும் அதற்குள்ளேயே சேருகிறது.

இருந்தும் வலைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அதைக் காக்காதான் காட்டினார்.

“முதல்ல பாருங்க, பொறகு கழுவுங்க.”

பழைய ஒயில் வடிந்த வலையை வெள்ளைத் துணியில் தட்டி, அதன்மேல் ஒரு காந்தத்தை நகர்த்தினார். காந்தத்தில் ஒட்டியது இரும்பு, கியரோ தாங்கியோ தேய்கிறது. ஒட்டாமல் மின்னியது அலுமினியம் அல்லது பித்தளை. மெல்லிய தூள் என்றால் பயமில்லை, விரலுக்குத் தட்டுப்படும் செதில் என்றால் எஞ்சினைத் திறக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தேய்த்தார். கம்பித் தூரிகை கூடாது, வலையின் கண் விரியும். பெற்றோல் கூடாது, தீப்பிடிக்கும். அழுக்குப் படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றினால்தான் அடைந்தது வெளியே வரும். நன்றாகக் காயவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கிழிசல் தேடினார். கிழிந்த வலையைப் பூட்டுவதும் பில்டர் இல்லாமல் ஓடுவதும் ஒன்றுதான். றப்பர் வளையம் உள்ள உருக்கு பில்டரில் அது தட்டையாகியிருந்தால் புதிது போட வேண்டும், இல்லாவிட்டால் ஒயில் வலைக்குள் போகாமல் ஓரத்தால் ஒழுகிவிடும்.

நான் தேடிப்போன தொடக்கம் இதுதான் என்று அப்போது புரிந்தது. கழுவிப் பாவிக்கும் பில்டர், எஞ்சினைப் பாவிப்பவனே அதன் உள்ளே பார்க்க வேண்டியிருந்த காலத்தின் சாமான். பியூரோலேற்றரின் கண்ணாடியும் காக்காவின் வெள்ளைத் துணியும் ஒரே வேலையைச் செய்தன. பார்க்காமல் கழுவினால் உருக்கு பில்டரின் பயனில் பாதி வீண்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுவிய மண்ணெண்ணெயை எங்கே ஊற்றுகிறோம்? காரைதீவும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் கடற்கரை மணலில் இருக்கும் ஊர்கள். கிணற்றுத் தண்ணீர் அதிக ஆழத்தில் இல்லை. மணலில் ஊற்றிய ஒயில் கீழே இறங்கி அதே தண்ணீரில் சேரும். காகித பில்டர் குப்பை என்று அதை விட்டவர்கள், கழுவிய அழுக்கைக் கிணற்றுக்கு அனுப்பினால் அதில் என்ன நன்மை? மண்ணெண்ணெயை மூடிய பாத்திரத்தில் வைத்தால் அழுக்கு அடியில் படியும், மேலே தெளிந்ததை அடுத்த முறையும் பாவிக்கலாம். அடிக் கசடையும் பழைய ஒயிலையும் கழிவு ஒயில் எடுப்பவர்களிடம் கொடுக்கலாம்.

அதனால் உருக்கு பில்டர் வாங்க நினைப்பவர்களுக்கு என் சொல் இது: கூடவே ஒரு காந்தமும், வெள்ளைத் துணியும், இறுக்கமான மூடியுள்ள பாத்திரமும் வாங்குங்கள். அதற்கு நேரமில்லாதவர்கள் நல்ல காகித பில்டரை வாங்கி, ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். எஞ்சின் நன்றாக ஓடும்.