படச்சுருள் தேடிய தவம்

சங்கரன்கோவில் தென்பாண்டிச் சீமையின் புகழ்மிக்க ஊர்களுள் ஒன்று. அரியும் அரனும் ஒருவரே என்பதைக் கண்ணாரக் காண விழைந்து கோமதியம்மை ஈண்டுத் தவமிருந்தாள் என்பது தலவரலாறு. ஆடித் தபசு விழாவிற்குத் திரளும் மக்கள் இன்றும் அத்தவத்தை நினைந்து உருகுவர். அரிய காட்சி ஒன்றைத் தாம் காண்பதோடு நில்லாமல், நாட்டார் அனைவர்க்கும் காட்ட வேண்டும் என்று தவமுயன்ற தமிழர் ஒருவர் உளர். அவரே ஏ. கே. செட்டியார்.

1911-ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த இவர், பர்மாவில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராய் விளங்கினார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்த நாள். அன்று நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், அடிகளின் வாழ்வைச் செய்திப் படமாக்கும் எண்ணம் அவருள்ளத்தே உதித்தது. அப்பொழுது அவர்க்கு 26 வயதும் நிரம்பவில்லை.

காந்தியடிகளோ படம் எடுப்போர் முன் நிற்க விரும்பாதவர். ஆதலின், பல நாட்டார் பற்பல காலத்தில் எடுத்து வைத்த படச்சுருள்களைத் தேடித் திரட்டுதல் வேண்டியதாயிற்று. செட்டியார் கடல் பல கடந்து ஏறக்குறைய 1,00,000 மைல் பயணம் செய்தார். சுமார் 30 ஆண்டுகளில் 100 பேர் வரை எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைத் தொகுத்தார். அதனை 12,000 அடியாகச் சுருக்கினார். உலகப் போர் மூண்டு, அயலாட்சியின் கெடுபிடி மிகுந்திருந்த 1940-ஆம் ஆண்டில் அப்படம் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. ஆட்சியாளர் வெறுத்த ஒருவரை வெண்திரையில் போற்றிக் காட்டுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

1943 முதல் தம் இறுதிக்காலம் வரை ‘குமரி மலர்’ இதழை அவர் நடத்தினார். பழைய இதழ்களில் புதைந்து கிடந்த செய்திகளை அகழ்ந்தெடுத்து அதில் வெளியிட்டார். தம்மைப் பற்றி மட்டும் பேசாதிருந்தார். 1983-இல் மறைந்தார்.

பிறர் கைவிட்ட சுருள்களையெல்லாம் தேடிச் சேர்த்த அப்பெருமகனாரின் தமிழ்ப்படம் முழுமையாக இன்று நமக்குக் கிடைத்திலது. 1953-இல் அமெரிக்காவில் சுருக்கி வெளியிட்ட ஆங்கில வடிவமே கிடைத்துள்ளது. தேடித் தருதல் ஒருவர் தவமாயின், கிடைத்ததைப் பேணுதல் நம் அனைவரின் கடனன்றோ!