ஏலத்தில் போன படம்

நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். கொல்லை, கிணற்றடி, மரம் மட்டை எல்லாம் எனக்கு அத்துப்படி என்று கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்கு என் எட்டு வயதுப் பெண் வைத்த வேட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

நாங்கள் குடியிருப்பது ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு மேற்கே பரமட்டா பக்கம். 2019 கடைசியில் இங்கே காடுகள் பற்றி எரிந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். எங்கள் தெருவுக்கு நெருப்பு வரவில்லை, புகை வந்தது. டிசம்பரில் பல நாட்கள் சூரியன் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பாகத் தெரியும். கொடியில் உலர்த்திய துணியெல்லாம் விறகடுப்பு வாடை. வாசலைப் பெருக்கினால் முறத்தில் கருகின இலைகள். சின்னவளுக்கு ராத்திரியெல்லாம் இருமல். ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு, அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

நாடு முழுவதும் நெருப்பில் 33 பேர் இறந்தார்கள். எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மட்டும் எரிந்தது சுமார் 55 லட்சம் ஹெக்டேர். செத்ததும் இடம் பெயர்ந்ததுமாகச் சுமார் 300 கோடிப் பிராணிகள் பாதிக்கப்பட்டன என்று 2020-ல் கணக்கிட்டார்கள். அதில் பெரும்பாலும் பல்லி, ஓணான், பாம்பு வகைகள்தான். பாவம், அவற்றுக்காக யார் அழுதோம்? எல்லாரும் அழுதது கோவாலாவுக்காக. நெருப்பு வந்தால் கங்காரு ஓடும். கோவாலா மரத்தின் உச்சிக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்குத் தெரிந்த பத்திரம் அவ்வளவுதான். 2022 பிப்ரவரியில் குவீன்ஸ்லாந்திலும் எங்கள் மாநிலத்திலும் தலைநகர்ப் பகுதியிலும் அதை அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று அரசே அறிவித்துவிட்டது.

பெண்கள் நாம் சும்மா இருப்போமா? தாயை இழந்த கங்காருக் குட்டிகளை வைக்கத் துணிப் பை வேண்டும் என்று சேதி வந்ததும், என் கணவரின் பழைய வேட்டிகளை வெட்டி ஐந்து பை தைத்தேன். உள்பக்கம் ஒரு நூல் பிசிறுகூட இருக்கக்கூடாது. குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளுமாம். ஆறாவது பையை மெஷினில் வைத்திருக்கும்போதே, 'உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து குவிகிறது, போதும் நிறுத்துங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். அது பாதியிலேயே நின்றது. ஜனவரியில் அரசாங்கம் ஹெலிகாப்டரிலிருந்து பாறை வாலபிகளுக்காக இரண்டு டன்னுக்கு மேல் காரட்டும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்டது. டி.வி.யில் அதைப் பார்த்து, "நம்ம வீட்டுக் கிழங்கையும் போடலாம்மா" என்றாள் பெண்.

பிப்ரவரியில் பெருமழை கொட்டி நெருப்பு அடங்கியது. அப்போதுதான் பள்ளியிலிருந்து கடிதம். ஒவ்வொரு குழந்தையும் ஒரு படம் வரையவேண்டும். மார்ச் முதல் வாரம் ஏலம். பணம் அடிபட்ட பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களுக்கும், எரிந்த காட்டில் கூட்டுப் பெட்டி கட்டவும் போகும்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்து வரைந்தாள். அடுப்படி வேலை முடிந்து எட்டிப் பார்த்தேன். பகீரென்றது. காகிதம் முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு கரிக்கட்டை மரம். கிளைகள் மொட்டை. ஆனால் அடிமரத்தில், கீழிருந்து மேல் வரை, பச்சைப் பச்சையாகக் கொத்து! மரத்துக்குக் கம்பளிப் பூச்சி ஒட்டினாற்போல் இருந்தது.

"என்னடி இது, இலை போய் அடிமரத்துலயா வரும்? கிளை நுனியிலன்னா போடணும்?"

"இல்லம்மா, இப்படித்தான் வரும். டீச்சர் போட்டோ காமிச்சாங்க."

"எனக்குத் தெரியாத மரமா? இதை யாரு காசு குடுத்து வாங்குவா? பளிச்சுன்னு ஒரு கோவாலா போடு, ஒரு பூ போடு."

அவள் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் தேவலை. உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு காகிதம் எடுத்து, நான் சொன்னபடியே போட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கோவாலாவின் காதைத் திருத்திக் கொடுத்தேன். அசல் காலண்டர் படம்! திங்கட்கிழமை அதையே சுருட்டி அவள் பையில் வைத்தேன்.

ஏலம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நம் ஊர் ஏலம் மாதிரி 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று கூவுவதில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு தாள். வேண்டியவர்கள் பேரும் தொகையும் எழுதவேண்டும். மணி அடிக்கும்போது யார் தொகை கூடுதலோ அவர்களுக்குப் படம்.

என் பெண்ணின் பேரைத் தேடிப் போனேன். அங்கே தொங்கியது அந்தக் கறுப்புப் படம்! ரகசியமாக அதையும் எடுத்துப்போய் டீச்சரிடம் கொடுத்திருக்கிறாள். சுற்றிலும் வானவில், கிளி, சிரிக்கும் கங்காரு. எல்லாத் தாளிலும் நாலைந்து பேர். இவள் தாள் வெறிச்சென்று இருந்தது. எனக்குக் கோபம் ஒரு பக்கம், குழந்தை முகம் வாடிவிடுமே என்று பதைப்பு ஒரு பக்கம். யாரும் பார்க்காதபோது என் கணவர் பேரில் பத்து டாலர் எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் காப்பி வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், நரைத்த தலை அம்மாள் ஒருத்தர் படத்தின் முன் அசையாமல் நிற்கிறார். கையெல்லாம் கீறல். காட்டுப் பிராணிகளை வீட்டில் வைத்துப் பேணும் தொண்டர்.

"இந்தக் குழந்தை சரியாகப் பார்த்திருக்கிறாள்" என்றார் என்னிடம், நான் யாரென்று தெரியாமல். யூகலிப்டஸ் மரத்தின் தடித்த பட்டைக்குள் மொட்டுகள் தூங்குமாம். மேலே இலையெல்லாம் எரிந்துபோனால் அவை விழித்துக்கொண்டு அடிமரத்திலேயே துளிர்க்கும். கிளை மறுபடி தழைக்கும் வரை அந்த இலைதான் மரத்துக்குச் சோறு. கோவாலாவும் அதைத் தின்னும். எல்லா யூகலிப்டஸும் அப்படி இல்லை, சில ஜாதி செத்தே போய்விடும், விதையிலிருந்துதான் வரவேண்டும் என்றும் சொன்னார். "இலை வந்துவிடும். பொந்து வராது. மரத்தில் பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குத்தான் இந்தப் பெட்டிகள்."

எனக்கு எங்கள் கொல்லை முருங்கை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அப்பா மொட்டையாக வெட்டிவிடுவார். பத்துப் பதினைந்து நாளில் கட்டையைச் சுற்றிப் பச்சைப் பச்சையாகக் கொத்து! அந்தக் கீரையை ஆய்ந்து வளர்ந்தவள் நான். எனக்கா தெரியவில்லை?

அந்த அம்மாள் இருபது எழுதினார். நான் இருபத்தைந்து எழுதினேன். அவர் முப்பது. நான் முப்பத்தைந்து. என்னவர் தூரத்திலிருந்து முறைக்கிறார். அவர் நாற்பது எழுதியதும் நான் மறுபடி பேனாவை எடுத்தேன். புடவைத் தலைப்பு இழுபட்டது.

"விட்டுடும்மா. அவங்களே எடுத்துக்கட்டும். அவங்களுக்குப் பிடிச்சிருக்கு."

பிடித்தவர்கள் யார், பிடிக்காதவர்கள் யார் என்று அவள் சொல்லவில்லை. பேனாவை வைத்துவிட்டேன்.

காலண்டர் படம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அவள் புத்தகப் பையிலேயே சுருண்டு கிடந்தது. நான்தான் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அதன் மூலையில் அவள் பேர் எழுதவேயில்லை.

இரண்டு வாரத்தில் கொரோனா வந்து பள்ளிக்கூடமே வீட்டுக்கு வந்துவிட்டது. செப்டம்பர் விடுமுறையில்தான் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன பில்பின் பக்கம் காரில் போனோம். நெருப்பு நாசம் செய்த மலைச்சாலை. இரு பக்கமும் கறுப்பு மரங்கள், ஒவ்வொன்றிலும் அடி முதல் நுனி வரை பச்சைக் கம்பளி சுற்றினாற்போல் இலை.

"அடியே, பாருடி, உன் படம்!" என்று கத்திவிட்டேன்.

ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "தெரியும்மா" என்றாள்.