கடைமடைக்கு நீர்

விஞ்ஞான நூல்களிற் கற்றவற்றுள் பல, அவை எம் வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே வந்த பின்னரே எமக்கு உண்மையில் விளங்கியிருக்கின்றன. அவ்வாறு விளங்கியதொன்றை இக்கல்லூரி மலரின் வாசகர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கோடை விடுமுறையில் ஒரு நாள், அடுப்பினின்றும் இறக்கிய வெந்நீர்ப் பானை நழுவி எம் அன்னையாரின் வலக்காலிற் கவிழ்ந்தது. முழங்காலுக்குக் கீழே இரு கையகலத்திற்குத் தோல் ஆழமாக வெந்துபோயிற்று. வைத்தியர் அன்னையாரின் தொடையிலிருந்து காகிதம் போன்ற மெல்லிய தோற்படலத்தைச் சீவியெடுத்து, புண்ணின் மேற் பரப்பிக் கட்டினார். “ஐந்தாம் நாள் கட்டை அவிழ்ப்போம். சிவந்திருந்தால் பிடித்துக்கொண்டது, கறுத்திருந்தால் போயிற்று” என்பதே அவர் கூறியது. அந்த ஐந்து நாளும் யாம் கட்டிலருகே இருந்தோம். அன்னையார் வலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது, வீட்டு மாட்டுக்குத் தீனி வைத்தார்களா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் கட்டு அவிழ்ந்தது. மாந்தளிர் நிறத்தில் தோல் சிவந்திருந்தது. ஆனால் ஒரு மூலையில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில், கரிபோற் கறுத்த இடமொன்று இருந்தது. அவ்விடத்தின் அடியிற் சிறிது இரத்தம் தேங்கி உறைந்துவிட்டதென்றும், அதனைத் தாண்டிக் குழாய்கள் தோலை எட்டவில்லை என்றும் வைத்தியர் விளக்கினார். ஆயுள் முழுவதும் வயலில் உழைத்த அன்னையார் அதனை உற்று நோக்கி, “ஏனப்பா, அந்த மூலைக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லையா?” என்று எம்மைக் கேட்டார். யாம் பின்னர் படித்த நூல் எதுவும் இச்செய்தியை இதனினும் தெளிவாகக் கூறவில்லை.

அந்த ஐந்து நாளில் நிகழ்ந்தது யாது? ஒட்டப்பெற்ற தோல் முதல் இரண்டு நாள் அடியிலூறும் நீரை உறிஞ்சி உயிர் தாங்குகின்றது. பின்னர்ப் புண்ணின் அடித்தளத்திலுள்ள நுண்ணிய குழாய்கள் தோலிலுள்ள குழாய்களின் வாய்களோடு இணைகின்றன. புதிய கிளைகளும் உட்புகுகின்றன. ஒரு வாரத்திற்குள் இரத்த ஓட்டம் நிலைபெறுகின்றது. தோல் மெல்லியதாயிருந்தமையாலேயே அந்த இரண்டு நாட் பட்டினியை அதனாற் பொறுக்க முடிந்தது. தடித்த தசைத் துண்டொன்றை அவ்வாறே வைத்திருப்பின், அதன் நடுப்பகுதி அழுகிப்போயிருக்கும்.

இதன் காரணத்தை மனிதர் அறிய நெடுங்காலம் சென்றது. இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இருதயத்தினின்றும் புறப்படும் இரத்தம் தமனிகள் வழியே சென்று சிரைகள் வழியே மீள்கின்றது என்பதை 1628-இல் நிறுவினார். ஆயினும் ஒன்றினின்று மற்றொன்றிற்கு அது எவ்வாறு கடக்கின்றது என்பதை அவர் கண்ணாற் காணவில்லை. 1661-இல் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியால் நோக்கி, இரண்டையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டார். பிராணவாயு தந்துகியினின்றும் கசிந்து செல்லக்கூடிய தூரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையே என்பர். அதற்கப்பாலுள்ள உயிரணுக்கள், நீர் எட்டாத கடைமடைப் பயிர்போல் வாடுகின்றன.

நிற்க. எம்மோடு இக்கல்லூரியிற் பயின்ற நண்பர் ஒருவர், சிறுநீரகங்கள் பழுதுற்று, வாரம் மும்முறை இரத்தத்தை இயந்திரத்தாற் சுத்திகரித்துக்கொண்டு வாழ்கின்றார். ஆய்வுசாலையிற் சிறுநீரகம் அச்சிடுகின்றார்கள் என்று எங்கோ படித்த அவர், “உண்மையைச் சொல்லுங்கள்; எம் காலத்தில் அது வருமா?” என்று எமக்கு எழுதினார். அக்கடிதத்திற்கு விடையெழுத முற்பட்டபோதே, அன்னையாரின் வினா மீண்டும் எம் நினைவிற்கு வந்தது.

உயிரணுக்களை வளர்த்தல் இன்று அரிதன்று. அமெரிக்காவில் ரைன்வால்ட், கிரீன் என்னும் இருவர் மனிதத் தோலின் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டிற் பெருக்கும் முறையை 1975-இல் வெளியிட்டனர். அந்தோணி அட்டாலாவும் அவர்தம் குழுவினரும், நோயாளிகளின் சொந்த உயிரணுக்களாற் செய்த சிறுநீர்ப்பைச் சுவரை எழுவர்க்குப் பொருத்திய வரலாற்றை 2006-இல் வெளியிட்டனர். அவற்றுட் சிலவற்றைக் குடலின் மேற் போர்வை போலத் தொங்கும், இரத்தக் குழாய் மிகுந்த கொழுப்புச் சவ்வினாற் சுற்றி வைத்தனர். ஏன்? நீர் பாய வேண்டுமன்றோ! இவையெல்லாம் மெல்லியவை. சிறுநீரகமோ தடித்தது, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள், ஒவ்வொரு வடிகட்டியிலும் தந்துகிகளாலான ஒரு முடிச்சு. வாய்க்கால் வெட்டாது நிலத்தை மட்டும் விரித்துப் பயனென்னை?

வாய்க்கால் வெட்டும் முயற்சிகள் வியப்பிற்குரியவை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2012-இல் சர்க்கரைப் பாகை வலைபோல் அச்சிட்டு, அதனைச் சுற்றி உயிரணுக்கள் கலந்த களியை வார்த்தனர். பின்னர்ச் சர்க்கரை கரைந்தொழிய, அவ்விடத்தே குழாய்கள் எஞ்சின. வூஸ்டர் நகரின் ஆய்வாளர் 2017-இல் பசலைக் கீரையின் இலையை எடுத்து, அதன் காம்பின் வழியே சவர்க்காரம் போன்ற திரவத்தைச் செலுத்தித் தாவர உயிரணுக்களை நீக்கினர். எஞ்சிய கண்ணாடி போன்ற இலையின் நரம்புகளில் மனிதக் குருதிக்குழாயின் உயிரணுக்களைப் படியச் செய்தனர். இலையின் மேல் வைத்த இருதய உயிரணுக்கள் துடித்தன. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த திசுவை 30 நாள் உயிருடன் காப்பார்க்கு நாசா நிறுவனம் அறிவித்திருந்த பரிசை, 2021-இல் வேக் ஃபாரஸ்ட் நிலையத்தார் ஈரல் திசுவால் வென்றனர். 2024 டிசம்பரில், ஆய்வுசாலையில் வளர்த்த பெரிய குழாயொன்றைக் கைகால்களின் தமனிக் காயங்களுக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. பெருங்கால்வாய் இவ்வாறு கைகூடியது. கடைமடை இன்னும் கைகூடவில்லை.

உடம்பே அவ்வேலையைச் செய்யாதா எனின், செய்யும். பிராணவாயு குன்றிய உயிரணு, வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தை வெளியிட்டுக் குழாய்களைத் தன்பால் அழைக்கின்றது. ஆயின் அவ்வழைப்பு நல்லார்க்கே உரியதன்று. புற்றுக்கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமெனின் அதுவும் குழாய்களை அழைத்தாக வேண்டும் என்பதை ஜூடா ஃபோக்மன் 1971-இல் எடுத்துரைத்தார். அன்றியும், அழைப்பு மிகுந்தால் தோன்றும் குழாய்கள் கரையுறுதியற்ற வாய்க்கால்போல் ஒழுகுகின்றன. குறைந்தால் வந்து சேர்வதில்லை. அவை மெல்ல வளர்ந்து நடுவை எட்டுமுன் அங்குள்ள உயிரணுக்கள் மாண்டுபோகின்றன. எனவே, வாய்க்காலும் பயிரும் ஒருங்கே பிறக்க வேண்டும். பொருத்திய அன்றே உடம்பின் குருதி உள்ளே பாய வேண்டும். இதுவே இன்று அறிஞர்முன் நிற்கும் மலை.

நண்பர்க்கு யாம் எழுதிய விடை சுருக்கமானது. “ஆய்வுசாலையில் வளர்த்த முழுச் சிறுநீரகம் இன்று எவர்க்கும் கிடைப்பதில்லை. செய்தித்தாளை நம்பிச் சிகிச்சையைக் கைவிடாதீர். தக்கார் ஒருவர் தரும் சிறுநீரகத்திற்கான முயற்சியை ஒத்திவைக்காதீர். ஆனால் வேலை நடக்கின்றது. எதனாற் காலந்தாழ்கின்றது என்பதும் தெளிவாகத் தெரிகின்றது.” அவர் மறுமொழி ஒரே வரி: “பொய் சொல்லாமைக்கு நன்றி.” அவ்வரியை யாம் பத்திரப்படுத்தி வைத்துள்ளோம்.

அன்னையாரின் காலிற் கறுத்த இடம் கழன்று வீழ்ந்து, விளிம்பினின்றும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. தழும்பு இன்றும் உள்ளது. மாணவ நண்பர்காள்! மருத்துவம் பயில்வார்க்கே இத்துறை உரியதென்று எண்ணற்க. சர்க்கரைப் பாகை அறிந்த இரசாயனியும், இலை நரம்பை அறிந்த தாவர நூலாரும், நீரோட்டத்தைக் கணக்கிடும் பொறியியலாரும் ஈண்டு வேண்டப்படுகின்றனர். உங்களுள் யாரேனும் இப்பணியில் இறங்குவீராயின், எம் அன்னையாரின் வினாவை உடன் கொண்டு செல்க: அந்த மூலைக்குத் தண்ணீர் ஏறிற்றா?