மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கப் போகிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததை ஒருதரம் வாசியுங்கள்



நுவரெலியாவில் குளிர் தொடங்கிவிட்டது. "சேர், மீன் தொட்டிக்கு எத்தனை வோட்ஸ் ஹீட்டர் போட வேணும்?" என்று இந்தக் கிழமை மட்டும் மூன்று பெற்றோர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். நாங்கள் விட்ட பிழையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

போன வருடம் சின்ன மகன் கேட்டான் என்று ஒரு தொட்டி வாங்கினோம். 2 அடி நீளம். கல், மணல் போக 55 லீற்றர் அளவு தண்ணீர். பன்னிரண்டு கப்பி, நான்கு பிளட்டி. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் எங்கள் ஊரில் வெளியே 10 பாகைக்கும் கீழே இறங்குவது உங்களுக்குத் தெரியும். கப்பிக்கு 24, 25 பாகையாவது வேண்டும். ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போனோம். 50, 100, 300 என்று வைத்திருந்தார்கள். "பெரிசு எடுத்தா நல்லம், கெதியா சூடாகும்" என்று சொல்லி 300 வோட்ஸை எடுத்தது நாங்கள்தான். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அதை ஒரு மூலையில், பெரிய கல்லுக்குப் பின்னால், நிமிர்த்தி வைத்தோம். பார்வைக்குத் தெரியக் கூடாதாம்! ஃபில்டர் இருந்தது மற்ற மூலையில்.

இங்கேதான் முதல் பிழை. ஹீட்டருக்குள் இருக்கும் தேமோஸ்டட்டுக்குத் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரின் சூடு மட்டும்தான் தெரியும். கல்லுக்குப் பின்னால் தண்ணீர் ஓடாது. அந்த இடம் சட்டென்று சூடாகும், ஹீட்டர் அணைந்துவிடும், மற்றப் பக்கம் குளிர்ந்தபடியே கிடக்கும். வெப்பமானியை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தபோது 3 பாகை வித்தியாசம். மீன்கள் எல்லாம் ஹீட்டர் மூலையில் ஒதுங்கி நின்றன. ஒரு கிழமைக்குள் இரண்டு மீன்களின் செட்டையில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டு மீன் களைத்துப் போனால் இந்த நோய் தொற்றுவது சுலபம். பிள்ளைகளுக்கு மேற்காவுகை படிப்பிக்கிறோம். வீட்டுத் தொட்டியில் அதை மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகாவது இடத்தை மாற்றினோமா? இல்லை. டயலை 28க்குத் திருப்பினோம்.

ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் தொட்டியின் கண்ணாடி முழுக்க ஆவி. வெப்பமானியில் 39. ஹீட்டர் இரவு முழுக்க அணையவே இல்லை. பதினாறு மீனும் மேலே மிதந்தன. மகன் ஓடிவந்து தண்ணீருக்குள் கையை விடப் போனான். அவனுடைய உம்மா பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தா. பிழைத்துப்போன ஹீட்டர் தண்ணீருக்குள், பிளக் இன்னும் சுவரில். அந்த நொடியை நினைத்தால் இப்பவும் நெஞ்சு அடிக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் காப்பாற்றினான்.

அவன் அழவில்லை. "வாப்பா, பெரிசு நல்லம் என்டு நீங்கதானே சொன்னீங்க" என்றான். அவ்வளவுதான். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பிறகு ஒரு கொப்பியை எடுத்து மகனோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 1 லீற்றர் தண்ணீரை 1 பாகை உயர்த்த ஏறக்குறைய 4200 யூல் வேண்டும். 55 லீற்றருக்கு 2,31,000 யூல். 300 வோட்ஸ் என்றால் செக்கனுக்கு 300 யூல். அதாவது 13 நிமிடத்துக்கு ஒரு பாகை. வெளியே போகும் சூட்டைக் கழித்தாலும், அணையாமல் விட்டால் ஓர் இரவில் மீன் அவிந்துவிடும். இதே கணக்கில் 50 வோட்ஸுக்கு ஒரு பாகை ஏற 77 நிமிடம் பிடிக்கும். குளிர் வீட்டில் தொட்டியிலிருந்து சூடு வெளியே போய்க்கொண்டே இருப்பதால், அது அணையாமல் நின்றாலும் நாலைந்து பாகைக்கு மேல் ஏற்றாது.

இதுதான் நாங்கள் படித்த பாடம். ஹீட்டர் வாங்கும்போது அது எவ்வளவு கெதியாகச் சூடாக்கும் என்று மட்டும் பார்க்க வேண்டாம். அது பழுதானால் என்ன நடக்கும் என்று முதலில் பாருங்கள்.

இப்போது நாங்கள் செய்வது:

1. அறையை விட 5 பாகை உயர்த்த லீற்றருக்கு 1 வோட்ஸ், 10 பாகை உயர்த்த 2 வோட்ஸ் என்பது பருமட்டான கணக்கு. எங்கள் தொட்டிக்கு 100 போதும். அதையும் இரண்டு 50 ஆக வாங்கி இரண்டு பக்கமும் வைத்தோம். ஒன்று அணையாமல் நின்றாலும் தொட்டி கொதிக்காது. ஒன்று வேலை செய்யாவிட்டாலும் மற்றது ஓரளவுக்குத் தாங்கும்.

2. ஃபில்டர் தண்ணீர் அள்ளிக்கொண்டு போகும் இடத்தில் வையுங்கள். முழுதாக மூழ்கும் வகை என்றால் மணலுக்குச் சில சென்றிமீற்றர் மேலே படுக்கையாக வைப்பது நல்லது. சூடு மேலே எழும்பிப் பரவும். தண்ணீர் வற்றினாலும் ஹீட்டர் வெளியே தெரியாது. மணலோ கல்லோ அதில் முட்டக் கூடாது.

3. வெப்பமானி ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம், தூரத்தில். டயலில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

4. தண்ணீர் மாற்ற முதல் பிளக்கைக் கழற்றி 15 நிமிடம் விடுங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கும். பிளக்கைக் கழற்றாமல் யாரும் கை விடக் கூடாது. இது வீட்டுச் சட்டம்.

5. வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து போகட்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். வீட்டு ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பொத்தானை இடைக்கிடை அமர்த்திப் பாருங்கள்.

6. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி நடந்தால் தொட்டியைப் போர்வையால் சுற்றுங்கள், மேலே காற்றுக்கு வழி விடுங்கள். கொதிநீரை உள்ளே ஊற்ற வேண்டாம்.

கொழும்பு, காத்தான்குடிப் பக்கம் உள்ளவர்களுக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவையே இல்லை. எங்கள் ஊரிலும் கோல்ட் ஃபிஷ் வளர்த்தால் தேவையில்லை. அதையும் யோசியுங்கள்.

பூனையைக் கட்டி வைத்து, தீனியும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருப்போம். ஆற்று மீன் சூடு கூடினால் நிழலுக்குப் போகும். நாங்கள் கண்ணாடிக்குள் அடைத்த மீன் எங்கே போகும்? அது எங்கள் கையில் உள்ள அமானிதம்.

மூன்று மாதம் கழித்து மகன் தானாகவே "திரும்ப வளர்ப்பமா?" என்று கேட்டான். இந்தத் தரம் ஹீட்டர் இரண்டையும் தெரிவு செய்தது அவன்தான். மீன் போட முதல் மூன்று நாள் வெறும் தண்ணீரில் ஓடவிட்டு, காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து கொப்பியில் எழுதினான். இப்போது குஞ்சுகளும் இருக்கின்றன, மாஷா அல்லாஹ்.

வீட்டில் மீன் தொட்டி உள்ளவர்கள் இன்றிரவே ஒருதரம் பாருங்கள், ஹீட்டர் எங்கே இருக்கிறது, பிளக் எப்படி இருக்கிறது என்று. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.