ஒரு ஏக்கர் புல்லும் ஒரு டன் டிராக்டரும்

டிராக்டர் வாங்கலாமா, புல்வெட்டும் மெசினே போதுமா என்று கேட்டுக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்களிடம், மழை விட்ட மறுநாள் காலையில் உங்கள் நிலத்தில் நடந்தால் செருப்பு எவ்வளவு உள்ளே போகிறது என்றுதான் முதலில் கேட்பேன். எத்தனை ஏக்கர் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பலருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. குதிரைசக்தி, விலை, தவணை எல்லாம் விசாரித்துவிட்டு வந்திருப்பார்கள். செருப்பைப் பற்றி எந்தக் கடைக்காரரும் அவர்களிடம் பேசியிருக்க மாட்டார்.

கிள்ளான் வட்டாரத்தில் மண்தான் மெசினைத் தேர்ந்தெடுக்கிறது. கடலோரமாகக் காப்பார் வரை போகும் தாழ்நிலம் பெரும்பாலும் களி. மழைநீர் சீக்கிரம் இறங்காது, இறங்கிய நீர் சீக்கிரம் காயாது. கோலலங்காட் பக்கம் சில இடங்களில் தானா காம்புட் என்று சொல்லப்படும் மண். பாதி மக்கிய மரமும் வேரும்தான் அது, ஆள் நடந்தாலே லேசாக அதிரும். ஷா ஆலம் மேடுகளில் செம்மண். அங்கே தண்ணீர் தேங்காது, சரிவுதான் சிக்கல். மூன்று இடத்துக்கும் ஒரே மெசினைச் சிபாரிசு செய்கிறவர் மெசினை விற்கிறவராக இருப்பார், பழுது பார்க்கிறவராக இருக்க மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலிருந்தும் மெசின்கள் வரும். அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. அடுக்குமாடிக்கு முன்னால் ஒரு கீற்று, கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு கீற்று என்றிருக்கும் புல்லுக்கு முதுகில் மாட்டும் மெசினே அதிகம். கேள்வி எழுவது மேரு, காப்பார், பந்திங் பக்கம் அரை ஏக்கர் முதல் மூன்று ஏக்கர் வரை வாங்கி வீடு கட்டியவர்களுக்குத்தான். பாதிப் பேர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். நார்த் ஹம்மோக் தோட்டம் இன்று செத்தியா ஆலம். புக்கிட் ராஜா தோட்டம் இன்று பண்டார் புக்கிட் ராஜா. அப்பா காலத்தில் அடுத்தவன் நிலத்தில் புல் வெட்டிய குடும்பம், இன்று சொந்த நிலத்தில் புல் வெட்ட டிராக்டர் தேடுகிறது. அந்த ஆசைக்குப் பின்னால் கணக்கு மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கணக்கைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

கணக்கு இதுதான். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 21 அங்குலத் தள்ளு மெசினில், முன்பு வெட்டிய கோட்டின் மேல் கொஞ்சம் ஏறி வெட்ட வேண்டியிருப்பதால் கைக்கு வருவது 18 அங்குலம். அப்படியானால் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நடை. நம் வெயிலில் மெசினைத் தள்ளிக்கொண்டு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் நடக்கலாம். திருப்பம், பெட்ரோல், தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல். 42 அங்குல ஏறி ஓட்டும் மெசினில் அதே ஏக்கர் 4 கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போது நான்கு அடி ஸ்லேஷர் பூட்டிய சின்ன டிராக்டர். தூரம் மூன்றரை கிலோமீட்டர். மேடுபள்ளத்தில் அது மெதுவாகத்தான் போக வேண்டும், திரும்ப அதிக இடம் கேட்கும். அதுவும் ஒரு மணி நேரம்தான்! பல பத்தாயிரம் வெள்ளி கூடக் கொடுத்து, புல் விஷயத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. வெட்டிய தரத்தைப் பார்த்தால் நஷ்டம். ஸ்லேஷர் புல்லை அடித்துக் கிழிக்கும். ஏறி ஓட்டும் மெசினின் பிளேடு மட்டமாகச் சீவும்.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து குதிரைசக்தி டிராக்டர், பின்னால் ஸ்லேஷர், மேலே ஓட்டுகிறவர், மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு டன். ஏறி ஓட்டும் மெசின் இருநூறு கிலோ அளவு. தள்ளு மெசினை இரண்டு பேர் தூக்கி லோரியில் வைத்துவிடலாம். ஈரக் களியில் ஒரு டன் போனால் சக்கரத் தடம் அடுத்த மழைக்குள் குட்டையாகும். குட்டையில் கொசு வரும், பிறகு கோரை வரும். வீட்டு நிலத்தில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு: கழிவுநீர்த் தொட்டியின் மூடி, லோங்காங் மேல் போட்ட கான்கிரீட் பலகை. கார் ஏறக் கட்டிய பலகை டிராக்டரைத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தொட்டி மூடியைப் பற்றி அப்படிக்கூடச் சொல்ல மாட்டேன்.

மெசின் கம்பெனிகளின் விளக்கப் புத்தகங்கள் பனி பெய்யும் நாட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்டவை. அங்கே புல் பாதி வருஷம் தூங்கும், மெசினும் தூங்கும். கோலாலம்பூர் வட்டாரத்தில் வருஷத்துக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை. ஏப்ரலை ஒட்டி ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் ஒருமுறை மழை கனக்கும்; மற்ற மாதங்களிலும் புல்லுக்கு ஓய்வு கிடையாது. இங்கே வீட்டைச் சுற்றிப் பெரும்பாலும் கவ்கிராஸ். இலை அகலம், தரையோடு ஓடும், கெட்டி உயிர். மழைக்காலத்தில் இரண்டு வாரம் விட்டால் கணுக்காலை மறைக்கும். வருஷம் முழுக்க ஓடும் மெசினுக்கு எண்ணெய் மாற்றும் கெடுவும் பிளேடு தீட்டும் கெடுவும் அந்தப் புத்தகக்காரனுடையதைவிட இரண்டு மடங்கு வேகமாக வரும். கடையில் இதைச் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். மெசின் என் பட்டறைக்கு வருகிறது.

நான் அதிகம் மதிக்கும் வேலை பிளேடு தீட்டுவது. மொட்டைப் பிளேடு வெட்டிய புல்லை மறுநாள் பார்த்தாலே தெரியும்: நுனி நார்நாராகக் கிழிந்து, வெளுத்து, பழுப்பு ஓடிய நிறத்தில் வயலே நோய் பிடித்ததுபோல் நிற்கும். உரம் போடவில்லை, பூச்சி அடித்திருக்கிறது என்று வீட்டுக்காரர் கவலைப்படுவார். பிளேடைக் கழற்றி, அதன் பழைய சாய்வு மாறாமல் தீட்ட வேண்டும். சவரக்கத்திக் கூர் வேண்டாம். அந்தக் கூர் முதல் கல்லிலேயே மடங்கிவிடும். கையால் தடவினால் பிடிக்க வேண்டும், வெட்டக் கூடாது. அவ்வளவு போதும். தீட்டிய பிறகு நடு ஓட்டையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம். இன்னும் கொஞ்சம் ராவி எடுக்க வேண்டும். சமன் இல்லாத பிளேடு நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் என்ஜின் தண்டையே ஆட்டி வளைத்துவிடும். பிளேடைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கி வைப்பது சட்டம். மெசினைச் சாய்க்கும்போது காற்று வடிகட்டி மேல்பக்கம் வரும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எண்ணெய் வடிகட்டிக்குள் இறங்கி, அடுத்த முறை இழுக்கும்போது தாமான் முழுக்க வெள்ளைப் புகை.

புல்வெட்டும் மெசினே துணி ஆலையில் பிறந்ததுதான். கம்பளித் துணியின் மேல் துருத்தும் இழைகளைச் சீவும் உருளையைப் பார்த்து, 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் அதைப் புல்லுக்கு மாற்றினார். முதுகு மெசினின் தங்கூசிக் கயிறுக்கும் கதை உண்டு: 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ், கார் கழுவுமிடத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்து யோசித்தது. இரண்டுமே நிலத்தைப் பார்த்துப் பிறந்தவை அல்ல. டிராக்டர் நிலத்துக்கென்றே வந்தது. அதனாலேயே அதை அதன் வேலையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அதன் வேலை இழுப்பது, தூக்குவது, புரட்டுவது. நிலத்தில் செம்பனை இருக்கிறதா? ஏக்கருக்கு அறுபது மரத்துக்குள் நடுவார்கள், நடுவே வண்டி போக வழி இருக்கும். பழுத்த குலை ஒவ்வொன்றும் இருபது கிலோ வரும். அதை முதுகில் சுமந்து சாலைக்குக் கொண்டுவரும் வயது போய்விட்டதென்றால் டிராக்டரும் டிரெய்லரும் தங்கம். வெட்டிப்போட்ட மட்டையை ஓரம் தள்ள, லோரியில் கொட்டிய மண்ணைப் பரப்ப, வாழைக்கும் மரவள்ளிக்கும் மண்ணைக் கிளற, உள்பாதையில் கல் நிரவ, இவையெல்லாம் மாதத்துக்கு ஒருமுறையாவது இருந்தால் வாங்குங்கள். புல் வெட்டுவது அப்போது அதற்குப் பக்கவேலை. லாலாங் இடுப்பளவு வளர்ந்த தரிசாக இருந்தாலும் ஸ்லேஷர்தான் சரி. முன்பெல்லாம் லாலாங்குக்கு மருந்தடித்துவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் அந்த மருந்தைச் சுமந்து அடித்தது பெரும்பாலும் நம் பெண்கள். அப்படி அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டை அரசாங்கம் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அது ரொம்பத் தாமதம் என்பது என் அபிப்பிராயம்.

வாங்குகிறவர்களில் பலர் தேடுவது ஜப்பானிலிருந்து வரும் ரிக்கண்டிஷன் டிராக்டரை. குபோத்தா, யன்மார், இசெக்கி, எல்லாம் நல்ல இரும்பு. ஆனால் அவை ஜப்பான் வயலில் சேறடிக்கச் செய்யப்பட்டவை. பின்னால் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டுக்குப் பலவற்றில் இரண்டு, மூன்று வேகம் உண்டு. ஸ்லேஷருக்கு வேண்டியது நிமிடத்துக்கு 540 சுற்று. லீவரில் எழுதியிருப்பது ஜப்பானிய எழுத்து. கொஞ்சம் வேகமாக வெட்டட்டும் என்று அடுத்த எண்ணுக்குத் தட்டிவிட்டால் ஸ்லேஷரின் கியர்பெட்டி வெடிக்கும், பிளேடு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அடி ஒன்றுக்கு ஐந்து குதிரைசக்தி என்பது பொதுக் கணக்கு; நான்கு அடி ஸ்லேஷருக்குத் தண்டில் இருபது வேண்டும். பழைய வண்டியின் பெயர்ப்பலகையில் உள்ள எண் என்ஜினுடையது, தண்டுக்கு வருவது அதைவிடக் குறைவு.

540 சுற்று என்றால் வினாடிக்கு ஒன்பது. கைலி கட்டிக்கொண்டு ஓடும் தண்டைத் தாண்டுகிறவரைப் பார்த்தால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத வண்டியை நான் பட்டறையை விட்டு அனுப்புவதில்லை. இன்னொன்று, தலைக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு. வண்டி கவிழ்ந்தால் ஆளை நசுங்காமல் காப்பது அதுவும் இடுப்பு வாரும் சேர்ந்துதான். சுவீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் அது இல்லவே இல்லை. இருக்கிற வண்டியில் ரம்புத்தான் கிளை இடிக்கிறதென்று மடக்கிவிட்டு நிமிர்த்த மறந்துவிடுகிறார்கள். நம் பக்கம் மலை எதுவும் வேண்டாம், கவிழ்வதற்கு லோங்காங் கரை போதும்.

டீசல் செலவையும் யோசிக்க வேண்டும். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி ஒரே நாளில் லிட்டர் 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியது நினைவிருக்கும். வீட்டு டிராக்டர் குடிப்பது கொஞ்சம்தான், விலை பெரிய விஷயமில்லை. ஓடாமல் நிற்பதுதான் விஷயம். பம்பில் வாங்கும் டீசலில் 2019 முதல் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்தது. அது ஈரத்தை இழுக்கும். பாதி டாங்கியோடு மூன்று மாதம் நிறுத்தினால் அடியில் தண்ணீர் சேர்ந்து, வழவழப்பான கசடு வளர்ந்து, வடிகட்டியை அடைக்கும். டாங்கியை நிரப்பி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. வாரத்துக்கு ஒருமுறை ஓட்ட வேலை இல்லாதவருக்கு டிராக்டர் எதற்கு?

2021 டிசம்பர் 18 வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் பட்டறையில் நிற்க இடமில்லை. முழுகிய தள்ளு மெசின்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றிக் காயவைத்து, கார்புரேட்டரைக் கழுவி, எண்ணெயை இரண்டு முறை மாற்றி எழுப்பிவிட்டோம். டிராக்டரின் கியர்பெட்டியிலிருந்து வடித்த எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வந்தது. ஹைட்ராலிக், கிளட்ச், டைனமோ என்று ஒவ்வொன்றாகச் செலவு வைத்தது. தாழ்நிலத்தில் வீடு வைத்திருப்பவர்கள் மெசினை மேட்டில் ஏற்றி வைக்க முடியுமா என்பதையும் வாங்கும்போதே யோசிக்கலாம்.

இத்தனையும் கேட்டுவிட்டு, மேரு பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு ஆசிரியர் போன வருஷம், "அப்போ டிராக்டர் வேலையே வராதா அண்ணே?" என்று கேட்டார். வரும், வருஷத்துக்கு இரண்டு முறை வரும். அதற்கு வாடகை வண்டி இருக்கிறது. அவரும் பக்கத்து நிலக்காரர்கள் இருவரும் சேர்ந்து, மழை குறையும் பிப்ரவரியில் ஒரு நாளும் ஜூலையில் ஒரு நாளும் டிராக்டரை ஆளோடு எடுக்கிறார்கள். மூன்று நிலத்தையும் ஒரே நாளில் முடித்து, லோரிக் கூலியைப் பிரித்துக்கொள்கிறார்கள். மற்ற நாளுக்கு 42 அங்குல மெசின், வேலியோரத்துக்கு ஒரு முதுகு மெசின். கூடவே இரண்டு ஜோடி பிளேடு வாங்கச் சொன்னேன்: ஒன்று ஓடும்போது மற்றது என் பட்டறையில் தீட்டில் இருக்கும்.