கல்லில் விழும் நிழல்

2008ஆம் ஆண்டு எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக்கு நாள் குறித்தார்கள். மணல் வீச்சால் சுவரைச் சுத்தம் செய்யப் போவதாகப் பேச்சு. அதிட்டானத்தில் தேய்ந்து கிடந்த கல்வெட்டு அதற்குப் பிறகு தப்புமா என்பது ஐயமே. நண்பரின் தானியங்கிக் கேமராவில் முன்னரே எடுத்துப் பார்த்திருந்தேன். ஃபிளாஷ் நேரே பாய்ந்து, எழுத்துப் பள்ளங்களின் நிழலை அழித்துவிட்டது. கல் இருந்தது, எழுத்தில்லை.

கடைக்காரர் மெகாபிக்சல் கணக்கையே ஒப்பித்தார். எனக்கு வேண்டியது வேறு: ஷட்டர் வேகத்தையும் துளையளவையும் நானே வைக்க வேண்டும். எஸ்எல்ஆர் என் சம்பளத்துக்கு எட்டாது. கேனன் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் அவ்வாண்டுதான் வந்திருந்தது. 8 மெகாபிக்சல், மேலே திருகுவட்டில் 'எம்' என்றோர் எழுத்து, பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஏஏ பேட்டரி இரண்டு. (பெட்டிக்கடைச் செல்கள் சீக்கிரமே உயிரை விட்டன என்பது வேறு கதை.) ரா கோப்பு கிடையாது, பொறுத்துக்கொண்டேன்.

இருட்டிய பிறகு போனோம். தம்பி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தான். செங்கல்லின் மேல் கேமராவை வைத்து, ஃபிளாஷை அணைத்து, ஐஎஸ்ஓ 80, ஷட்டர் 4 நொடி என அமைத்தேன். விரல் பட்டு ஆடாதிருக்க 2 நொடி டைமர். சின்னத் திரையில் முதலில் 'ஸ்வஸ்திஸ்ரீ' துலங்கியது. தம்பி டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தான்.

மூன்று வரிகள் படிக்கக் கிடைத்தன. நான்காவது வரியின் மேல் எப்போதோ, யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள்.