கடன் என்ற சொல்

கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை எங்கள் ஆலயத்தில் சொல்லும்போது ‘குற்றங்களை’ மன்னிக்கும்படி கேட்கிறோம். வீட்டுக்கு வந்து பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 6:12-ஐப் புரட்டினால் அங்கே இருப்பது ‘கடன்’. கிரேக்க மூலத்திலும் கடன்தான்.

குற்றத்தை மன்னிப்பது எனக்கு ஓரளவு சுலபம். வேலையிடத்தில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடும். கடன் அப்படியில்லை, அதற்கு ஒரு எண் இருக்கிறது. என்னோடு ஷிஃப்ட் பார்க்கும் அண்ணன் ஒருவர் 800 வெள்ளி தரணும். பிள்ளைக்குப் பள்ளி திறக்கிற நேரம் என்று வாங்கினார். “சம்பளம் வந்ததும் தர்றேன் தம்பி.” பதினொரு சம்பளம் வந்து போய்விட்டது. இப்போது என்னைக் கண்டால் கேண்டீனில் வேறு மேசைக்குப் போய்விடுகிறார். காசைவிட அதுதான் உறுத்துகிறது.

“விட்டுடுய்யா, கர்த்தர் பார்த்துக்குவாரு” என்கிறார் அம்மா. என் கார் தவணையைக் கர்த்தரா கட்டுவார்?

உபாகமம் 15 ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொல்கிறது. கூடவே, அந்த வருஷம் நெருங்குதே என்று ஏழைக்குக் கொடுக்காமல் இருந்துவிடாதே என்றும் எச்சரிக்கிறது. எழுதியவருக்கு மனுஷனை நல்லாத் தெரிந்திருக்கிறது!

போன வாரம் வாட்சாப்பில், ‘பாதி தந்தா போதும்ணே’ என்று எழுதி அழித்தேன். பிறகு, ‘அந்தக் காசை விடுங்கண்ணே’ என்று அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் அவர் அந்தக் கடைசி மேசையில்தான். தட்டை எடுத்துக்கொண்டு நானும் அங்கே போய் உட்கார்ந்தேன்.